கொழுக்குமலைச் சூரியோதயமும் வேடசந்தூர் மொட்டைமாடியும்: இரண்டு நிமிடம் பற்றிய ஓர் ஆய்வு

சனிக்கிழமை இரவு வேடசந்தூரில் டூர் வேன் ஏறி, ஞாயிறு விடியலில் கொழுக்குமலை உச்சியில் நின்று சூரியோதயம் பார்ப்பவருக்குக் கிடைக்கும் நிகர லாபம் எவ்வளவு? சங்க கால அணிகலன்களையும் நாட்டார் வழக்கின் விடுகதைகளையும் விட்டுவைக்காத தமிழாய்வுலகம் இந்த வினாவைக் கண்டுகொள்ளவில்லை. அக்குறை களைய எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் ஆய்வுக்களம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம். மலை நம்முடையது, வண்டிப் பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. ஆகவே நம் சூரியனை நம் மண்ணில் நின்று பார்க்க, போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டில் மாநில எல்லையைத் தாண்டி, சூரியநெல்லியில் ஜீப் பிடித்து, பாறையிலும் பள்ளத்திலும் குலுங்கி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும். வேடசந்தூரிலிருந்து ஒரு வழிக்கு சுமார் 150 கிலோமீட்டர். வேனில் இரவெல்லாம் பாட்டு ஓடும். தூங்குகிறவரை எழுப்பிக் கடலை மிட்டாய் கொடுக்க ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் யாரென்பது ஊருக்கு ஊர் மாறும். இருப்பார் என்பது மாறாது.

இனி கணக்கு. உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் தாழ்ந்து தெரியும். கீழே பரந்த சமவெளியைவிட 6,000 அடிக்குமேல் உயர்ந்து நிற்பவர், அதே தீர்க்கரேகையில் தரையில் நிற்பவரைக் காட்டிலும் சுமார் ஐந்து நிமிடம் முன்னதாகச் சூரியனைக் காண்பார். நல்லது. ஆனால் சூரியன் கிழக்கே இருந்து வருகிறது. வேன் போனதோ மேற்கே. வேடசந்தூருக்கும் கொழுக்குமலைக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவு. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற பள்ளிக்கூடக் கணக்கின்படி, மேற்கே போன குற்றத்துக்காக மூன்று நிமிடம் பிடித்தம். ஐந்தில் மூன்று போனால் மீதி இரண்டு. சூரியத் தட்டு முழுசாக மேலே வர நம் பக்கத்தில் ஆகும் நேரமும் ஏறத்தாழ அதே இரண்டு நிமிடம்தான். அதாவது உச்சியில் நிற்பவர் முழு வட்டத்தையும் பார்த்து முடிக்கும் தறுவாயில், வேடசந்தூரில் மொட்டைமாடியில் பல் துலக்குபவருக்கு விளிம்பு எட்டிப் பார்க்கும். (அய்யலூர்ப் பக்கத்து மலைகள் மறைப்பதை இங்கே சேர்க்கவில்லை. முடிவுக்கு ஒத்துவராத உண்மைகளை ஒதுக்கிவைப்பது ஆய்வு மரபு.)

அந்த இரண்டு நிமிடமும் கைக்கு வருமா என்றால், அங்கேதான் மேகம் குறுக்கிடுகிறது. கொழுக்குமலையின் பெருமையே காலடியில் படுத்திருக்கும் மேகக் கூட்டம். அது அடிவானத்தை மூடியிருந்தால் சூரியன் அதையும் தாண்டித்தான் வரவேண்டும். லாபம் அங்கே கரைகிறது.

“அண்ணே, இன்னும் வரலையே?”

“வரும்ண்ணே, மேகம் மறைச்சிருக்கு. செத்த பொறுங்க.”

சூரியன் உதித்ததா இல்லையா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் வானியலாருக்கு இல்லை, ஜீப் ஓட்டிவந்த அண்ணனுக்கே உண்டு. அவர் “வந்துருச்சு” என்றால்தான் கைபேசிகள் எழும். எழுந்த பிறகு பின்வரிசைக்காரர் பார்ப்பது முன்வரிசைக்காரரின் திரையில் தெரியும் சூரியனை.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. வளிமண்டலம் ஒளியை வளைத்து அடிவானச் சூரியனைச் சுமார் அரைப் பாகை தூக்கிக் காட்டுகிறது. சூரியனின் அகலமும் கிட்டத்தட்ட அரைப் பாகை. எனவே கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொட்டு நிற்பதாகத் தெரியும்போது, மெய்யான சூரியன் முழுக்க அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. வராத சூரியனுக்கு வசூலித்த ஜீப் வாடகையைத் திருப்பித் தரவேண்டுமா என்பது நுகர்வோர் வழக்கறிஞர்கள் ஆராயவேண்டியது.

இலக்கணமும் இந்தப் பயணத்துக்குச் சாதகமாக இல்லை. தொல்காப்பியம் வைகறையை மருதத்துக்குக் கொடுத்திருக்கிறது; குறிஞ்சிக்கு உரியது யாமம். விடியலைப் பார்க்க மலையேறுவது பொழுதை நிலம் மாற்றி வைப்பதாகும். ஆனால் நிலம்தான் மயங்கக் கூடாது, பொழுது மயங்கலாம் என்று தொல்காப்பியர் விட்டுக்கொடுத்திருக்கிறார். டூர் ஏற்பாட்டாளர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள். இன்னும் நுட்பமாகப் பார்த்தால், வேன் புறப்படுவது யாமத்தில். எனவே பயணம் குறிஞ்சி. உச்சியை அடைவது வைகறையில்; அப்போது மருதத்தின் உரிப்பொருளான ஊடல் தானாக வந்து சேருகிறது. “குல்லா எடுத்து வைன்னு சொன்னேன்ல?” என்று ஒரு மனைவி கேட்க, கணவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வேடசந்தூர் மருதமா என்று குறுக்குக் கேள்வி வரலாம். குடகனாற்றில் தண்ணீர் வரும் ஆண்டில் ஆம்.

சூரியனைத் தொழிலாகவே பார்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்கள் வேடசந்தூர் உள்ள நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. சூரியப் புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். நூறாண்டுக்கு மேலாகப் படம் எடுத்துவரும் அவர்களுக்கு அடிவானச் சூரியனால் பயன் குறைவு; அங்கே காற்றின் தடிப்பு அதிகம், உருவம் கலங்கும். சூரியன் கொஞ்சம் மேலே ஏறட்டும் என்று விட்டுத்தான் பார்க்கிறார்கள். அதாவது டூர் வேன் சாயா குடிக்கத் திரும்பும் நேரத்தில்தான் விஞ்ஞானம் தொடங்குகிறது.

வேடசந்தூரில் தினமும் உதயம் பார்ப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து நூற்பாலை வேனில் வீடு திரும்புகிறவர்கள். சன்னல் ஓரத்தில் சூரியன் வரும்; பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இந்த ஆய்வில் பொறாமைப்படத் தகுந்த ஒரே தரப்பு அந்தத் தூக்கம்தான்.

தீர்ப்பு: லாபம் இரண்டு நிமிடம், அதுவும் மேகம் விட்டால். இத்தனை படித்த பிறகும் போகத்தான் போகிறீர்கள் என்பது தெரியும். எலுமிச்சம்பழத்தை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். போடிமெட்டு வளைவுகளில் அது தேவைப்படும்போது கடை எதுவும் திறந்திருக்காது.