டின்னுக்குள்ளயா இருக்கு தெம்பு?

என்னப்பா தம்பி, சீப்புல நாலு முடி வந்ததும் புரோட்டீன் பத்தலைன்னு முடிவு கட்டிட்டியாமே? ஈப்போவுக்குப் போயி பெரிய டின்னா தூக்கியாந்து, காலையில குலுக்கிக் குலுக்கிக் குடிக்கிறியாமே? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன நோண்டினா கோழிக்குக்கூட றெக்க கொட்டும்டா.

புரோட்டீன் பத்தலைன்னா எப்படியிருக்கும், தெரியுமா? 1942லேருந்து 45 வரைக்கும் ஜப்பான்காரன் காலம். அரிசி தட்டுப்பாடு. தோட்டத்துல மூணு வேளையும் மரவள்ளிக்கெழங்கு. வயிறு ரொம்பும். ஆனா நூறு கிராம் கெழங்குல ரெண்டு கிராம்கூட புரோட்டீன் தேறாது. கால் வீங்கிப் போவும்னு எங்க ஆத்தா சொல்லும். விரல வச்சு அமுக்கினா குழி விழும். விரல எடுத்தாலும் குழி அப்படியே நிக்கும். பெரிபெரியும் கூட்டு சேந்துக்கும். வெட்டுக்காட்டுல முள்ளு கீறின புண்ணு மாசக் கணக்கா ஆறாது. அதுக்குப் பேரு அடையாளம். உனக்கு நகத்துல ஒரு வெள்ளப் புள்ளி. அதுக்கே போட்டோ புடிச்சு ஊரெல்லாம் அனுப்பியாச்சு!

சிசிலி வில்லியம்ஸ்னு ஒரு டாக்டரம்மா. ஆப்பிரிக்காவுல வயிறு உப்பி, முடி செம்பட்டையாகிச் செத்த புள்ளைங்களப் பாத்து, இது புரோட்டீன் பத்தாததால வந்த நோவா இருக்கலாம்னு 1933லயே எழுதினவங்க. அப்புறம் மலாயாவுக்கு வந்தாங்க. இங்க என்னாடான்னா, கொழந்தைக்கு டின்னுப் பால் ஊத்தச் சொல்லி வெளம்பரம்! 1939ல சிங்கப்பூரு மேடையில ஏறி, இது கொலைன்னே சொல்லிட்டாங்க. டின்னுமேல இருக்கிற படத்துக்கு மயங்குறது நேத்திக்கு வந்த வியாதியில்ல பாத்தியா?

கணக்குக்கு வா. ஒடம்பு எடையில கிலோவுக்கு முக்கா கிராமுக்குக் கொஞ்சம் மேல புரோட்டீன் போதும். அறுபது கிலோ ஆளுக்கு நாளைக்கு 48 கிராம். ஒரு முட்டையில ஆறு கிராம். பருப்பு இருக்கு, நெத்திலிச் சம்பல் இருக்கு, தெம்பே இருக்கு. ஈப்போக்காரன் தவுகே கோழி வேற வெட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறியேடா!

நெசமாவே பத்தாத ஆளு யாருன்னு சொல்லட்டா? உன் வீட்டுப் பாட்டிதான். பல்லு போச்சு, பசி போச்சு. தே ஓவுல பிஸ்கட்ட முக்கித் தின்னுட்டு வயிறு ரொம்பிருச்சுங்குது. வயசாக ஆக சதை கரையும். புரோட்டீன் பாட்டிக்குத்தான் கூடுதலா வேணும். நாற்காலிய விட்டு எந்திரிக்க ரெண்டு கையும் ஊன்றதப் பாத்தியா நீ? எங்க பாப்ப, உனக்குத்தான் கண்ணாடியில கைச்சதை பாக்கவே நேரம் பத்தலையே!

டின்னு எங்கயும் ஓடிடாது. போயி பாட்டிக்கு மொதல்ல ஒரு முட்டைய அவிச்சு, மசிச்சுக் குடு. கால் வீங்கியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.