ஊருக்குப் போகும் பையும் ஊரிலிருந்து வரும் பையும்: ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

தமிழில் பயண நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஏ.கே. செட்டியார் உலகத்தைச் சுற்றினார். சோமலெ மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார். ஆனால் சென்னையில் வேலை பார்ப்பவர் பொங்கலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, திருநெல்வேலிப் பக்கம் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பெரும்பயணத்துக்கு இலக்கணம் வகுத்தார் இல்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வின் எல்லை: வடக்கே எழும்பூர் ரயில் நிலையம், தெற்கே பெற்றோர் வீட்டு அடுக்களை. கருதுகோள்: பயணிகள் பலவகைப்படுவர், அவர்கள் திரும்பக் கொண்டுவரும் பையோ ஒரே வகை. தரவுகள் நடைமேடையில் நின்றும், மேல்படுக்கையில் தூங்குவதுபோல் படுத்திருந்தும் திரட்டப்பட்டன.

இயல் 1: பயணியர் வகை

பயணியர் மூவகையர்: முன்பதிவாளர், தட்கலர், போய்ப் பார்த்துக்கொள்வோர்.

முன்பதிவாளர் ரயில்வேயின் நாள்காட்டிப்படி வாழ்பவர். 2024 அக்டோபர் வரை 120 நாள் முன்னதாகவே பதிவு செய்ய முடிந்தது. நவம்பர் 1 முதல் அது 60 நாளாகச் சுருங்கியது. முன்பெல்லாம் ஆவணியிலேயே பொங்கலை நினைத்துக் கவலைப்பட்டவர், இப்போது தீபாவளி எண்ணெய் தலையில் காயும்வரை நிம்மதியாக இருக்கிறார். குறித்த நாளில் காலை எட்டு மணிக்குக் கைப்பேசியும் மடிக்கணினியுமாக உட்காருவார். பல் துலக்கிவிட்டு வரலாம் என்று எழுந்தவர், திரும்பி வந்து காத்திருப்போர் பட்டியலில் சேருவார்.

தட்கலர் பயணத்துக்கு முந்தின நாள்தான் விழித்துக்கொள்வார். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, சாதாரணப் படுக்கை வகுப்புக்கு 11 மணி. பத்துக்குத் தோற்றவர் பதினொன்றுக்கு மறுபடி தோற்பதற்கு ரயில்வே செய்து வைத்திருக்கும் கருணை இது.

போய்ப் பார்த்துக்கொள்வோருக்கு முன்பதிவு என்பதே மூடநம்பிக்கை. இவர் கிளாம்பாக்கம் போய், தெற்கே முகம் திருப்பி நிற்கும் எந்தப் பேருந்திலும் ஏறிவிடுவார். 2023 டிசம்பரில் அம்முனையம் திறக்கப்பட்ட பிறகு, வடசென்னைக்காரருக்கு அங்கே போய்ச் சேருவது ஒரு பயணம், ஊருக்குப் போவது இன்னொரு பயணம். ஆய்வாளரைச் சங்கடப்படுத்தும் உண்மை ஒன்றுண்டு: இம்மூவகையினரும் ஏறத்தாழ ஒரே காலையில்தான் ஊர் போய்ச் சேருகிறார்கள்.

இவர்களுக்குள் ஒரு கிளைப்பிரிவும் உண்டு. ஒருவர் வண்டி புறப்பட இரண்டு மணி நேரம் இருக்கும்போதே தம் பெட்டி எண் காட்டும் பலகைக்குக் கீழே காவல் நிற்பவர். மற்றவர், "அதான் நேரம் இருக்கே" என்று சொல்லி வாசல்வரை வந்தபின் தண்ணீர் பாட்டில் தேடத் திரும்புபவர். இவ்விரு பிரிவினரும் தவறாமல் ஒருவரையொருவர் மணந்துகொள்கிறார்கள். பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் ரயில் பொருத்தம் பார்ப்பதில்லை.

இயல் 2: புறப்படும் நேரம்

பஞ்சாங்கப்படி வியாழக்கிழமை தெற்கே சூலம். அன்று அத்திசையில் பயணம் ஆகாது. ரயில்வே இதற்கு உடன்படவில்லை; நெல்லை எக்ஸ்பிரஸ் வியாழன் இரவும் தெற்கேதான் போகிறது. ஆனால் தெற்குச் சூலத்துக்குப் பரிகாரம் தைலம் என்று பஞ்சாங்கமே வழிவிட்டிருக்கிறது. அப்பாவின் மூட்டுவலிக்கு வாங்கிய தைலம் எப்படியும் பையில் இருப்பதால், பயணிக்குத் தெரியாமலே அத்தோஷம் தீர்ந்துவிடுகிறது.

நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள், பயணத்துக்கு உரிய பொருள் ஒன்றை மட்டும் அந்நேரத்தில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது பழைய வழக்கம். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். இவ்வழக்கம் மறைந்துவிட்டது என்பார் கூற்று பொருந்தாது. இன்றும் பயணி காலையிலேயே பையை அலுவலகத்துக்குத் தூக்கிவந்து மேசைக்கடியில் வைக்கிறார். அக்கணமே மனம் செங்கல்பட்டைத் தாண்டிவிடுகிறது. மாலைவரை மீட்டிங்கில் தலையாட்டுவது மீதி உடம்பு.

இயல் 3: போகும் பை

பை அடுக்குவோர் இருவகையர். ஒற்றைப்பையர் முதுகுப்பை ஒன்றில் இரண்டு சட்டையோடு உலகை வெல்பவர். முழுவீட்டார், ஊரில் போர்வை இருக்காதோ என்று ஐயுறுபவர்.

இரு சாராரையும் ஆள்வது, அம்மா தொலைபேசியில் அருளும் ஒரு வாக்கியம்: "ஒண்ணும் வாங்கிட்டு வராதய்யா, நீ வந்தாப் போதும்." இதை அப்படியே நம்பி வெறுங்கையோடு போனவர்கள் உண்டு, அவர்கள் நமக்குப் பாடம். இதன் பொருள் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது: "அப்பாவுக்கு அந்த சுகர் பாக்க ஸ்ட்ரிப் மட்டும் தீந்துபோச்சு. ஆச்சிக்கு காது மிஷின் பேட்டரி வேணுமாம். வேற ஒண்ணும் வேண்டாம்."

மறக்கக் கூடாத இன்னொரு பொருள் எவர்சில்வர் டப்பா. போன முறை முறுக்கு வந்தது இதில்தான். பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டி வாங்கியது; யாரோ ஒரு தாத்தா பெயரும் ஏதோ ஒரு கல்யாணத் தேதியும் அதில் இருக்கும். கல்வெட்டுச் சான்று இருப்பதால், தொலைந்துவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது மரபும் அன்று. சென்னை மிக்சரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும். நிரம்பி வந்த டப்பாவை அம்மாவும் வெறுமனே அனுப்ப மாட்டார். ஆகவே இக்கடன் தலைமுறை கடந்தாலும் அடையாது.

இயல் 4: கட்டுச்சோறு

இத்துறையில் நம் முன்னோரின் அறிவு அசைக்க முடியாதது. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்து புளியோதரையைக் கெடாமல் காக்கின்றன. தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டிப் பிசைந்த சோறு, சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்து புளிக்காமல் இருக்கிறது. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி மறுநாளும் மெத்தென்று இருக்கும்.

இவ்வளவு பாதுகாப்பும் வீண். வண்டி தாம்பரம் தாண்டுமுன்பே பொட்டலம் பிரிந்துவிடுகிறது. காரணம் பசி அன்று, நடுப்படுக்கை. விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை அதை விரித்துப் படுக்கலாம். நடுப்படுக்கைக்காரர் வண்டி ஏறியதிலிருந்தே கொட்டாவி விடுவார். கீழே இருப்பவர் கழுத்து நிமிர்ந்து உண்ணும் உரிமையை அதற்குள் அனுபவித்துவிட வேண்டும்.

இயல் 5: ஊர்

வாசல்படி ஏறியதும் முதல் கேள்வி: "எப்பய்யா கெளம்புத?" அயலார் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடும். இது திட்டக்குழுக் கூட்டத்தின் தொடக்கவுரை. எத்தனை வேளை கைவசம் இருக்கிறது, இடியாப்பத்துக்கு எந்தக் காலை, சொதிக்கு எந்த மதியம், மிளகாய் காய எத்தனை வெயில் வேண்டும், மில்லுக்கு யார் போவது என்பனவெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை. போகும் பையின் ஜிப்பைத் திறக்கும் முன்பே, வரும் பைக்கு வேலை தொடங்கிவிட்டது என்பது இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு.

இயல் 6: வரும் பை

மில்லில் அரைத்த மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, கூழ்வற்றல், கருப்பட்டி, நார்த்தங்காய் ஊறுகாய், தேங்காய், பைக்குள் அடங்காமல் வெளியே எட்டிப்பார்க்கும் முருங்கைக்காய். செக்கு நல்லெண்ணெய் பாட்டிலுக்கு முதலில் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் அப்பாவின் பழைய வேட்டி. நடுவில் அந்த டப்பா, நிறைந்து.

"அம்மா, இதெல்லாம் அங்கேயே கிடைக்கும்" என்பது பயணியின் மறுப்பு. "கெடைக்கும். ஆனா இது மாதிரி இருக்குமா?" என்பது மறுப்புக்கு மறுப்பு. மேற்கொண்டு வாதிட்டவர் எவரும் தரவுகளில் அகப்படவில்லை. முதுகுப்பையோடு வந்த ஒற்றைப்பையருக்கு ஜவுளிக்கடைக் கட்டைப்பை இரண்டு கூடுதலாகக் கிடைக்கிறது. படுக்கை வகுப்பில் ஆளுக்கு 40 கிலோவரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம் என்பது ரயில்வே விதி. இது அம்மாக்களின் காதுக்கு எட்ட வேண்டாம். எட்டினால் அதையே குறைந்தபட்ச அளவாகக் கொள்வார்கள்.

முடிவுரை

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. பயணப் பாங்கு என்பதெல்லாம் போகும் வழிக்கு மட்டுமே. திட்டமிட்டவர், திட்டமிடாதவர், சுமை விரும்பாதவர், சுமந்தே பழகியவர் ஆகிய எல்லாரும் திங்கட்கிழமை விடியலில் தாம்பரத்தில் ஒரே மாதிரி கட்டைப்பையோடு இறங்குகிறார்கள்.

ஆகவே பரிந்துரை: போகும்போது பையில் பாதியைக் காலியாக விடுங்கள். டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு இன்னும் சீட்டு எடுக்காதவர்கள் இந்த ஆராய்ச்சியை இத்தோடு மூடி வைத்துவிட்டு, 60 நாள் கணக்கைப் போட்டுப் பார்த்து, காலை எட்டு மணிக்கு அலாரம் வையுங்கள்.