ராஜாவுக்கு ஒரு வரி, நாய்க்கும் ஒரு வரி!

சாலையோர நடுகல்லிலும் ராஜா பெயர்தானே முதலில் வருகிறது! அங்கேயும் சாமானியனுக்கு இடமில்லையா?

ராஜா பெயர் தேதி சொல்ல, கல் சாமானியனுக்கு! திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் விழுந்த கருந்தேவக்கத்திக்காக நட்டது. பக்கத்திலேயே அவன் நாய். கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அதன் பெயர் கோவிவன் என்பதையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். நாய்க்கே பெயர் போட்ட ஊர் ஐயா, சாமானியனை விட்டுவிடுமா?

செங்கம், தருமபுரிப் பக்கம் இப்படிப்பட்ட வீரர்கள்தான் இன்று வேடியப்பன் சாமி. உங்கள் ஊரில் எழுத்துள்ள கல் கிடந்தால் பெயின்ட் பூசிவிடாதீர்கள். சாலை விரிவாக்க ஜேசிபி வருவதற்குள் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.