மேஸ்திரி சார்

பணி ஓய்வு பெற்ற மறு மாதமே இவர் கண்ணில் வீட்டு மாடி படும். இத்தனை வருடமும் தலைக்கு மேலேயே இருந்ததுதான். தொட்டில், கொலுப்படி, கால் ஒடிந்த நாற்காலி எல்லாம் போட்டுவைக்கிற இடம். "ஒழுங்கு பண்ணினா ரெண்டு ரூம் கிடைக்கும்" என்பார். யாருக்கு என்று கேட்கக்கூடாது. பிள்ளைகள் பெங்களூரில்.

கொத்தனாரைக் கூப்பிடலாமே என்றால் முகம் சுண்டிவிடும். "அவங்க என்ன படிச்சிட்டா வந்தாங்க?" சார் படித்தவர், பி.காம்.

முதலில் சாமான் வாங்கியாக வேண்டும். டிரில்லிங் மெஷின், மணியாசுக் கட்டை, கரண்டியிலேயே மூன்று அளவு. ஹார்டுவேர் கடையில் இவரைக் கண்டதும் ஸ்டூலை எடுத்துப் போட்டு டீ சொல்கிறார்கள். ரசமட்டத்தில்தான் தகராறு. தாத்தா கட்டின சுவர். எங்கே வைத்தாலும் குமிழி நடுவுக்கு வர மாட்டேன் என்கிறது. கடைக்குப் போய்ச் சண்டை போட்டு வேறு ரசமட்டம் மாற்றி வந்தார். அதுவும் அதே கட்சி.

மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கின தளம். அந்தக் காலத்து வேலையைப் பற்றி, வருகிறவர்களை நிற்கவைத்து அரைமணி நேரம் பேசுவார். பேசி முடித்த கையோடு, அதே காலத்துச் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்டைக் குழைத்து அப்புவார். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதன் வாயைப் பொத்திவிடுகிறது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் பூச்சு அப்பளமாக உப்பி, பாளம் பாளமாகக் கீழே விழுந்தது. "சிமென்ட்ல கலப்படம்" என்று தீர்ப்பாயிற்று.

தெருவோடு போன கொத்தனார் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "பூசறதுக்கு முந்தி சுவத்த நனைச்சீங்களா சார்?" என்றார்.

"நனைக்காம இருப்பேனா?" என்றார் இவர், தென்னை மரத்தைப் பார்த்து. மறுநாள் ஹோஸ் பைப் வாங்கி வந்தார்.

சித்தாள், வீட்டு அம்மாள். ஏணியைப் பிடிப்பது, கலவை எடுத்துக் கொடுப்பது, விழுந்ததைப் பெருக்குவது, பதினொரு மணிக்குக் காபி. செலவு நோட்டில் அந்த அம்மாளுக்கு ஒரு பைசா கூலி ஏறவில்லை. ஆனால் 'மிச்சம்' என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. கொத்தனாருக்குக் கொடுத்திருக்க வேண்டிய கூலியெல்லாம் நாள்தவறாமல் அதில் ஏறுகிறது. வேலை எவ்வளவுக்கு எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு மிச்சம். டிரில்லிங் மெஷின் வாங்கினது செலவில் வராதாம், அது முதலீடு.

இதற்குள் மாடிக்கு ஒரு ஈஸிசேர் போயிருக்கிறது. பிறகு டேபிள் ஃபேன், ரேடியோ, அன்றைய பேப்பர். காலையில் பலகாரம் ஆனதும், "மேல வேலை கெடக்கு" என்று ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குகிறார். ரேஷன் கடை, கரன்ட் பில், சம்பந்தி வீட்டுப் போன் எதுவும் அந்த உயரத்துக்கு எட்டாது.

போன வாரம் மகள் பேசினாள். "நான் பணம் அனுப்பறேன்ப்பா. ஆள வெச்சுப் பொங்கலுக்குள்ள முடிச்சிடுங்க."

அன்று ராத்திரி சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விடிந்ததும் மாடிக்குப் போனார். பூசின இடங்களிலேயே உருப்படியாக நின்றது மேற்குச் சுவர் ஒன்றுதான். விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்த்தார். "உள்ள பொள்ளலாக் கேக்குது" என்று உளியை எடுத்துக் கொத்த ஆரம்பித்துவிட்டார்.