கிராப்பிள் மாமா

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கதர் ஜிப்பா, கழுத்தில் மப்ளர், கையில் இஞ்ச் டேப் சகிதம் ஒருவர் எதிரே வந்து, "சாருக்கு ஊர்ல நிலம் நீச்சு உண்டோ?" என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. "கொஞ்சம் இருக்கு" என்றேன். ஒன்றரை வருஷமாகிறது. நான் தூக்கத்தில் "கிராப்பிள், கிராப்பிள்" என்று உளறுவதாக வீட்டில் புகார்.

மாமா வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். எத்தனையோ பேருடைய டிராக்டருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்; ஒன்றின் மேலும் ஏறி உட்கார்ந்ததில்லை. ஓய்வுப் பணத்தில் உத்திரமேரூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கினார். "நாலு பக்கமும் இயற்கை வேலி சார்" என்று தரகர் சொன்னது பொய்யில்லை. நடுவிலும் வேலிதான் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். அத்தனையும் வேலிகாத்தான். தெற்கே சீமைக் கருவேலம் என்பார்களே, அதேதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் விருந்தாளியாக வந்து, பட்டா இல்லாமலே குடியேறிவிட்ட மரம். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே இதை ஒழிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. வேலிகாத்தான் அந்த உத்தரவைப் படித்ததாகத் தெரியவில்லை.

"வெட்டறது பெரிய காரியமே இல்லை. வெட்டினதை யார் அள்றது, சொல்லுங்கோ?" என்பார் மாமா. கேள்வி நியாயமானது. ஒரு கிளையை இழுத்தால் மொத்தக் குவியலும் கூடவே வரும். முள் செருப்பைத் துளைக்கும், டயரைத் துளைக்கும். ஆகவே ஒரு குட்டி டிராக்டர், அதன் முகத்தில் ஒரு லோடர், லோடரின் நுனியில் வாயைத் திறந்து மூடும் இரும்புப் பல்வரிசை. அதுதான் கிராப்பிள். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பூங்கா பெஞ்சில் இரண்டு வாரம் விவாதம் நடந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் 'பற்றுக்கருவி' என்றார். பூங்காவில் குப்பை அள்ளும் அம்மா, "உடும்புப் பிடின்னு சொல்லுங்க சார்" என்றார். எனக்கு அதுதான் பிடித்தது. மாமா இரண்டையும் குறித்துக்கொண்டு, கிராப்பிள் என்றே சொல்லிவந்தார்.

எது சரியான கிராப்பிள் என்பதை எனக்கு விளக்கிய இடம் அவர் வீட்டுச் சமையலறை. மாமி வடை தட்டிக்கொண்டிருந்தார். மாமா எட்டி ஜல்லிக்கரண்டியைப் பறித்தார். "இது வேர் கிராப்பிள். எண்ணெய் கீழே ஒழுகிடும், வடை மேலே நிக்கும். அதே மாதிரி மண்ணு கொட்டிடும், முள்ளும் வேரும் நிக்கும்." அடுத்தது குழிக்கரண்டி. "இது பக்கெட் கிராப்பிள். பொடிசு பொட்டெல்லாம் அள்ளும். ஆனா பாதி பாரம் மண்ணாப் போயிடும்." பிறகு பாத்திரம் இறக்கும் இடுக்கி. "இது கட்டைப் பிடி. பெரிய தண்டுன்னா அமுக்கிப் பிடிச்சுக்கும். முள்ளுக் குவியலுக்குப் பிரயோஜனமில்லை." இடுக்கியோடு அவர் பாடம் நடத்த, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இறக்க இடுக்கி இல்லாமல் மாமி புடவைத் தலைப்பால் இறக்கினார். அந்த முகத்தைப் பார்த்து நான் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் அவரை ஒரு சொற்சித்திரத்தில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கிராப்பிளின் வாயை மூடுகிற மூடி ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் கோணல்மாணலான குவியலை ஒவ்வொரு மூடியும் தன்பாட்டுக்கு இறங்கிக் கவ்வும். ஆனால் கனம் கூடும். கனம் கூடினால் என்ன என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். லஸ் முனை வரைக்கும் கணக்கு ஓடியது. "லோடர் முந்நூறு கிலோ தூக்கும்னு வெச்சுக்கோங்கோ. கிராப்பிளே நூற்றைம்பதுன்னா மீதி எவ்வளவு? இரும்பைத் தூக்கறதுக்கா இரும்பு வாங்கறது?" முன்னால் பாரம் ஏறினால் பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும், அதற்குப் பின்னால் எடை கட்ட வேண்டும், டயருக்குள் தண்ணீர் நிரப்ப வேண்டும். வாயைத் திறந்து மூட ஹைட்ராலிக்கில் தனியாக ஒரு ஜோடி குழாய் வேறு வேண்டும். அகலம் சக்கரத்துக்குச் சக்கரம் இருக்கிற அளவாவது இருக்கணும். அதற்குத்தான் இஞ்ச் டேப். பூங்கா வாசலில் நிற்கும் ஆட்டோக்களைக்கூட அளந்து பார்த்திருக்கிறார். நிலத்துக்குப் போகிற வழியில், படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகளை நிறுத்தி, கரும்பை அள்ளுவது எந்த இயந்திரம் என்று விசாரித்து, ஓட்டுநர்களிடம் வசவும் வாங்கியிருக்கிறார்.

"டிராக்டர் என்ன வண்டி மாமா?" என்று நான் கேட்டது எட்டாவது மாதத்தில்.

"அது இன்னும் வாங்கலை. ஜிவோ 245-ஆ, குபோட்டா 2441-ஆன்னு பார்த்துண்டிருக்கேன். ரெண்டும் 24 குதிரைத்திறன். முதல்ல கிராப்பிள் முடிவாகட்டும்."

மாப்பிள்ளைக்குச் செருப்பு வாங்கிய பிறகு மாப்பிள்ளை தேடுகிற கதை. ஆனால் மாமாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இது பரம்பரைச் சொத்து. அவர் அப்பா மாடவீதியில் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்து வாங்கியவர். பீபெர்ரி எவ்வளவு, பிளான்டேஷன் ஏ எவ்வளவு, சிக்கரி சேர்க்கலாமா கூடாதா என்று காப்பிக்கொட்டை அரைக்கிறவரோடு நாற்பது வருஷம் வாதாடியவர். தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் பேட்டையின் விளையாட்டு. வாங்கிவிட்டால் ஆட்டம் முடிந்துபோகும். தி. நகரிலும் இந்த ஜாதி உண்டு, ஆனால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வியே ஆடித் தள்ளுபடி உண்டா என்பதுதான். அடையாறு காந்தி நகரில் மாமாவுக்கு ஒரு நண்பர். அவர் வேறு தினுசு. "எதுக்கு அள்ளணும்? ராமநாதபுரத்துல இதைக் கரியா மூட்டம் போட்டு விக்கறா. நாமும் போடலாமே" என்றார். இரண்டு மாதம் கரி மூட்டம் பற்றிய ஆராய்ச்சி. பிறகு மறுபடி கிராப்பிள்.

கடைசியில் மாமிதான் வழி சொன்னார். "ஏன்னா, உங்க நிலம் இருக்கிற ஊர்லதானே சோழன் காலத்துலயே குடவோலை போட்டா? நாமும் போட்டுப் பாத்துடலாம்."

மாமாவுக்குப் பரம சந்தோஷம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிற பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921 என்ற வருஷங்கள் எல்லாம் மடமடவென்று வந்தன. "கால் வேலிக்கு மேல இறை கட்டற நிலம் இருக்கணும். நம்மகிட்ட இருக்கு. வயசு முப்பத்தஞ்சுக்கு மேல, எழுபதுக்குள்ள. அதுலதான் ஒரு வருஷம் தவறிப்போச்சு." குடத்துக்குப் பதில் எவர்சில்வர் சொம்பு. சீட்டு எழுதும் பொறுப்பை மாமி எடுத்துக்கொண்டார்: வேர், பக்கெட், கட்டைப் பிடி. கல்வெட்டு சொல்கிறபடி விவரம் அறியாத பாலகன் எடுக்க வேண்டும், பேரன் எடுத்தான். ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், மாமா வாங்கினார். சபையில் உரக்க வாசிக்க வேண்டும், அதற்கு நான்.

வாசித்தேன். "ஜேசிபியை வாடகைக்குக் கூப்பிடுங்கோ."

மாமா சொம்பைக் கவிழ்த்து மற்ற இரண்டு சீட்டையும் பிரித்தார். மூன்றிலும் அதே வாசகம், அதே கையெழுத்து. "இது தேர்தல் முறைகேடு!" என்று குதித்தார். மாமி வடைக்கு உளுந்து நனைக்கப் போய்விட்டார்.

ஜேசிபி வந்தது. அரை நாளில் இரண்டு ஏக்கரும் வழித்துவிட்ட தலை மாதிரி ஆகிவிட்டது. ஓட்டி வந்த பையன் டீ குடித்த நேரத்தில் மாமா அவன் பக்கெட்டை டேப் வைத்து அளந்தார். அப்புறம் சில மாதம் பூங்காவில் ஆளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஜிப்பா தொளதொளத்தது, டேப் இல்லை, வெறுமே நடந்தார். அரசியல்கூடப் பேசினார். அவ்வளவு மோசம்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை. தூரத்திலேயே கையை ஆட்டிக்கொண்டு ஏறக்குறைய ஓடிவந்தார். மப்ளர் ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம்.

"துளிர்த்துடுத்து ஓய்! அந்தப் பையன் வேர்க்கட்டையை நிலத்துலயே விட்டுட்டான். முழங்கால் உசரம் வந்துடுத்து!" மூச்சு வாங்கப் பெஞ்சில் உட்கார்ந்து, ஜிப்பாப் பையிலிருந்து புதுக் காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். "இந்தத் தடவை எல்லாம் இளசு. கனமே இருக்காது. அதனால யோசிக்கறேன், ஒத்தை மூடியே போதுமோ?"