எதிர்வீட்டு நட்சத்திரம்: கீரிப்பாறை வாசல் விளக்குகள் குறித்த ஒரு முன்னாய்வு

குமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸை முன்னிட்டு டிசம்பர் ஒன்றாம் தேதி அந்தி சாய்ந்ததும் வீட்டு முகப்புகளில் தாள் ஒட்டிய ஐந்துமுனை விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. மக்கள் இதை ஸ்டார் என்கிறார்கள். நட்சத்திரம் என்று முழுப்பெயர் சொல்லி அழைப்போர் இருவகையினர்: மேடையில் நிற்கும் போதகர், இந்த மாதிரிக் கட்டுரை எழுத உட்கார்ந்தவர். "ஸ்டார் போட்டாச்சா?" என்பது அந்த வாரத்தில் "சாப்பிட்டாச்சா?"வுக்கு நிகரான நலவிசாரிப்பு. இல்லை என்கிறவர் காரணமும் சொல்லியாக வேண்டும்.

ஸ்டார் வீட்டை அலங்கரிக்கிறது என்பது பொதுக்கருத்து. யாரும் சோதித்துப் பார்க்காமலே இது தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. இவ்வாய்வு அதை மறுக்கிறது.

ஆய்வுக்களம் கீரிப்பாறை. நாகர்கோவிலில் பேருந்து ஏறித் தடிக்காரன்கோணம் தாண்டினால் ரப்பர் மரங்கள் இருபுறமும் நெருங்கி வரும். வந்துகொண்டே இருக்கும்போது ஊர் வந்துவிடும். அதற்கப்பால் காளிகேசம், அதற்கும் அப்பால் யானைகள். யானைகளிடம் ஸ்டார் போடும் வழக்கம் இல்லாததால் ஆய்வெல்லை கீரிப்பாறையோடு நிறுத்தப்பட்டது. கருவிகள்: அத்தை வீட்டுத் திண்ணை, ஒரு கால் குட்டையான பிளாஸ்டிக் நாற்காலி, கருப்பட்டிக் காப்பி. நிதியுதவி முழுவதும் அத்தையுடையது. ஆய்வின் நோக்கம் அவரிடம் கடைசிவரை சொல்லப்படவில்லை.

கட்டுமானம்

கடை ஸ்டாரை விட்டுவிடுவோம். மடக்கினால் தோசைபோல் தட்டையாகும் அட்டை ஸ்டாரும், ஒயரில் ஓடும் சீன விளக்கும் ஆய்வுக்குச் சுவை தராதவை. வீட்டில் கட்டும் ஸ்டாருக்கு மூங்கில் சீவல் பத்து நீளமாக வேண்டும், ஐந்து குட்டையாக. ஐந்து நீளக் குச்சிகளை முனையோடு முனை கட்டினால் ஒரு தட்டை ஸ்டார். இதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கிவிட்டு, நடுவே குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் குட்டைக் குச்சிகளை முட்டுக்கொடுத்தால் அது வயிறு புடைத்து எழும். ஆக மொத்தம் 15 குச்சி. ஒட்டவேண்டிய தாளின் பரப்புகளை எண்ணினேன்: முன்னும் பின்னுமாகப் பத்து முக்கோணம், இரண்டு ஐங்கோணம், பக்கவாட்டில் பத்து முக்கோணம். இருபத்திரண்டு. இதில் ஒன்றைத் திறந்துவிடாமல் முழுக்க ஒட்டிவிட்டு, பல்பை உள்ளே எப்படி விடுவது என்று யோசித்தவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். இந்த வீட்டில் அது நான்.

இரண்டடிக் குச்சி என்று வையுங்கள், அறுபது சென்டிமீட்டர். வெட்டும் புள்ளிகள் இருமுனைகளிலிருந்தும் ஏறக்குறைய 23 சென்டிமீட்டரில் விழும். நடுவில் 14 மிஞ்சும். அறுபதை 37ஆல் வகுத்தாலும், 37ஐ 23ஆல் வகுத்தாலும் 1.6 சொச்சம். கிரேக்கர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட பொன்விகிதம் இதுதான். கீரிப்பாறையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை அளக்காமலே கட்டுகிறார்கள், ஏனென்றால் முனைகளைச் சரியாகக் கட்டினால் நடுப்புள்ளிகள் தாமாகவே அங்கே போய் விழுகின்றன. இன்னொன்றும் உண்டு. ஸ்டாரை எவ்வளவு கோணலாகக் கட்டினாலும் ஐந்து முனைக் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைதான். ஸ்டார் கோணும், கூட்டுத்தொகை கோணாது. நான் கட்டிய முதல் ஸ்டாரைப் பார்த்து அத்தை, "இது என்ன மக்ளே, திருக்கை மீனா?" என்று கேட்டபோது எனக்கிருந்த ஒரே ஆறுதல் இந்தத் தேற்றம்.

பசை பற்றி ஒரு வார்த்தை. மரத்துக்கு மரம் சிரட்டை கட்டி, ஒட்டும் பாலை வாளி வாளியாக எடுக்கிற ஊரில், தாள் ஒட்ட மைதா வாங்கிக் காய்ச்சுகிறார்கள். கரப்பான்கள் இதை ஆதரிக்கின்றன.

தோற்றம் குறித்த கொள்கைகள்

மத்தேயு எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் நட்சத்திரம் வருகிறது. அதற்கு எத்தனை முனை என்பது வரவில்லை. இந்த மௌனத்தைப் பயன்படுத்தி உலகம் இஷ்டத்துக்கு முனை வைத்துக்கொண்டது. ஜெர்மனியில் மொரேவிய சபையார் நடத்திய ஒரு பள்ளியில் 1830களில் வடிவியல் பயிற்சியாகத் தாள் நட்சத்திரம் செய்தார்கள். அதன் வழிவந்த ஹெர்ன்ஹூட் நட்சத்திரத்துக்கு 25 முனை, பதினேழு நாற்பட்டை, எட்டு முப்பட்டை. கணக்கு வாத்தியார் வீட்டுப்பாடமாகக் கொடுத்தது உலகத்துக்குப் பண்டிகையானதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. இதே மொரேவியர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்தவர்கள். அவர்கள்தான் தமிழ்நாட்டில் ஸ்டாரை அறிமுகப்படுத்தினார்கள் என்று நிறுவ மிகவும் ஆசைப்பட்டேன். ஆனால் நட்சத்திரம் பிறக்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முப்பது வருஷம் பொறுத்திருக்கலாம்.

1806இல் மைலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர்மீதும் இதே காரணத்தால் பழிபோட முடியவில்லை.

பிலிப்பைன்ஸ்காரர்கள் மூங்கிலும் தாளும் வைத்து நம்முடையது போலவே ஐந்துமுனை விளக்கு கட்டுகிறார்கள். பெயர் பரோல், விளக்கைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் பரோல் என்றால் சிறையிலிருந்து சில நாள் விடுப்பு. கீரிப்பாறை ஸ்டாருக்கு இந்தப் பொருள் இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது: பதினொரு மாதம் பரணில் உடைந்த குடைக்கும் பழைய தொட்டில் கம்புக்கும் நடுவே கிடந்துவிட்டு, டிசம்பரில் வெளியே வருகிறது.

இதுவரை வந்த கொள்கைகளைக் கலைத்துப்போட்டவர் ஒரு பாட்டி. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் பல இந்த ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. 1984இல் இத்தோட்டங்களுக்காக அரசு ரப்பர் கழகம் வந்தது. பாட்டி அந்தக் குடும்பங்களோடு வந்தவர். நான் 15 குச்சிக் கணக்கைப் பெருமையோடு விளக்கியபோது கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அங்க வெசாக் கூடு கட்டுவாங்க தம்பி, வைகாசிப் பௌர்ணமிக்கு. ஆறு சதுரம் கட்டி மூலைக்கு மூலை சேர்க்கணும். இருபத்திநாலு குச்சி. இதெல்லாம் பிள்ளைங்க வேல." புத்தருக்குக் கட்டிய கூடும் கிறிஸ்துவுக்குக் கட்டும் ஸ்டாரும் ஒரே மூங்கில் சீவல், ஒரே தாள். பாட்டியோ வீட்டில் பிள்ளையார் படம் வைத்திருப்பவர். அவர் வீட்டு முகப்பிலும் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. "பேரப்பிள்ள அழுதான், போட்டாச்சு."

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85. ஸ்டார் எண்ணி இந்த விகிதத்தைச் சரிபார்க்க முயன்றேன். வரவில்லை. பேரப்பிள்ளைகள் கணக்கெடுப்பில் தனிப்பத்தியாகச் சேர்க்கப்படாத வரை வராது.

பார்வைக் கோணம்

இனி ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு. அது நாற்காலியின் குட்டைக் காலால் நிகழ்ந்தது. டிசம்பர் மூன்றாம் வாரம் ஓர் இரவு நாற்காலி சாய்ந்து நான் மல்லாந்தபோது, மூன்று வாரமாக என் தலைக்குமேல் எரிந்துகொண்டிருந்த அத்தை வீட்டு ஸ்டாரை முதன்முறையாகக் கண்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஸ்டார் கூரையோரத்தில், தெருவைப் பார்த்துத் தொங்குகிறது. வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியாது. திண்ணையில் இருப்பவருக்குத் தரையில் விழும் ஒரு சிவந்த கறை மட்டும் தெரியும். அதன்மேல் ஈசல் விழும். ஈசலுக்காகப் பல்லி வரும். வீட்டுக்காரருக்கு ஸ்டார் தருவது இவ்வளவே. ஆனால் திண்ணையிலிருந்து நேரே பார்த்தால் எதிர்வீட்டு ஸ்டார் பளிச்சென்று தெரிகிறது. எதிர்வீட்டுக்காரருக்கு நம்முடையது. செலவு ஓரிடத்தில், காட்சி வேறிடத்தில். ஆக, ஸ்டார் போட்டவரின் வீட்டை அது அலங்கரிப்பதில்லை. எதிர்வீட்டாரின் இரவை அலங்கரிக்கிறது. வீட்டுக்காரர் வெறும் கொக்கி.

இதே வாரங்களையொட்டி வரும் கார்த்திகையும் இதற்குச் சாட்சி. அகல்களை வெளிப்படியில்தான் வரிசையாக வைக்கிறார்கள். உள்ளே ஓலைக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருப்பவருக்கு ஒரு சுடரும் தெரியாது.

இக்கண்டுபிடிப்பை முதுகைத் தடவிக்கொண்டே அத்தையிடம் அறிவித்தேன். அவர் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"பின்ன? நமக்குத் தெரியவா போடுதோம்? எதுத்த வீட்டுக்காரிக்குல்லா போடுதோம்."

முப்பது வருஷம் ரப்பர் பால்வெட்டிய அத்தைக்கு இது புதிய செய்தி இல்லை. மரத்தில் பால் தாராளமாக ஓடுவது வெயில் ஏறும் முன். அதனால் நாலு மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கவேண்டும். ஆளுக்கு 300 மரத்துக்கு மேல். அந்த இருட்டில், ஈர இலை மிதித்துப் போகும்போது, விடிய விடிய எரியவிட்ட வீடுகளின் ஸ்டார்கள் கண்ணில் படும். "அவ்ளோ வெளிச்சம்னு இல்ல. ஆளு இருக்குன்னு ஒரு தைரியம்." பத்து மணிக்கே அணைக்கும் வீடுகளைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. அச்சில் வராது.

அணைக்கவேண்டுமா என்ற சர்ச்சையைக் கணக்கால் தீர்க்கலாம். டிசம்பர் 1 முதல் ஜனவரி 6 வரை 37 இரவு. இரவுக்கு 12 மணி நேரம். பழைய 40 வாட் குண்டு பல்பு என்றால் 17.76 யூனிட். 7 வாட் எல்.இ.டி. என்றால் 3.1. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் வந்தபிறகு கரண்டு பில்லைக் காட்டி அணைப்பவரின் வாதம் பெரிதும் பலவீனமடைந்துவிட்டது. எனினும் மாமா பத்து மணிக்கு எழுந்து சுவிட்சுப் பக்கம் போகிறார். அத்தை இருமுகிறார். மாமா தண்ணீர் குடிக்க வந்ததுபோல் திரும்புகிறார்.

2017இல் இந்தக் கணக்குகள் ஒன்றும் செல்லவில்லை. நவம்பர் 30 ஒக்கிப் புயல் அடித்தது. மறுநாள் ஸ்டார் ஏறவேண்டிய நாள். ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன, மின்கம்பங்கள் கிடந்தன, கரண்டு வர நாளானது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத ஊர்களில் அந்த வருஷம் எத்தனையோ வீடுகளில் ஸ்டார் ஏறவே இல்லை. அத்தை வீட்டில் எரியாத ஸ்டாரை வெறுமனே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இருட்டில் அது யாருக்குத் தெரியும் என்று நான் கேட்டதற்கு, "பகல்ல தெரியுமில்லா" என்றார் மாமா. ஆய்வேட்டில் இதைச் சேர்க்க ஒரு தலைப்பும் அகப்படவில்லை. இங்கேயே இருக்கட்டும்.

கழற்றுதல்

ஸ்டார் போட நாள் உண்டு. கழற்ற, குழந்தை இயேசுவைத் தேடி ஞானிகள் வந்து சேர்ந்த ஜனவரி 6 என்று திருச்சபை நாள் குறித்திருந்தாலும் கீரிப்பாறை அதைச் சிபாரிசாகவே எடுத்துக்கொள்கிறது. சோம்பேறித்தனம் என்பார்கள். நான் இரண்டு காரணங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது தாவரவியல். ரப்பர் மரம் டிசம்பர் கடைசியில் இலை பழுத்து உதிர்க்கத் தொடங்கும். நவம்பரில் எதிர்வீட்டைத் தாண்டிப் பார்வை போகாது. ஜனவரியில் மரங்கள் மொட்டையாக நிற்க, ஓடைக்கு அந்தப்பக்கம், மேட்டுக்கு மேலே என்று ஒவ்வொன்றாக வெளிச்சம் முளைக்கிறது. இத்தனை வீடு இருந்ததா என்று தோன்றும். ஊரிலுள்ள எல்லா ஸ்டாரும் எல்லாருக்கும் தெரியத் தொடங்குகிற வாரத்திலா கழற்றுவது?

இரண்டாவது, என் மையக் கண்டுபிடிப்பிலிருந்தே பிறப்பது. நம் ஸ்டாரைக் கழற்றினால் நமக்கு ஒன்றும் குறையாது, எதிர்வீட்டுக்குத்தான் இருட்டும். எனவே முதலில் கழற்றுபவர் கெட்ட பேர் எடுக்கிறார். இருவருக்கும் இது தெரியும். இருவரும் காத்திருக்கிறார்கள்.

ஜனவரி இருபதாம் தேதி ஏணியை எடுத்தேன்.

"எங்க மக்ளே போற?"

"ஸ்டாரைக் கழத்த, அத்தே."

அத்தை எதிர்வீட்டைப் பார்த்தார். அங்கே ஒரு முனை மழையில் பிய்ந்து, நூலாம்படை கட்டி, ஆனாலும் எரிந்துகொண்டிருந்தது.

"அவ கழத்தட்டும்" என்றார். ஏணியைத் திரும்பக் கொண்டுபோய்ச் சாத்தும்போது, எதிர்வீட்டுச் சுவரிலும் ஓர் ஏணி சாத்தியிருந்ததைக் கவனித்தேன்.