ஊசியைத் தேடும் ஊர்

திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் ஊசி ஒன்று உடைந்தால் என்ன நடக்கும் தெரியுமா? மெஷின் நிற்கும். சூப்பர்வைசர் ஓடி வருவார். துண்டுகளைப் பொறுக்கி, முழு ஊசியும் தேறுகிறதா என்று சேர்த்துப் பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. முனை மட்டும் கிடைக்கவில்லையா? காந்தத்தால் தரையைத் தடவுவார்கள். அப்போதும் சிக்காவிட்டால் அந்தத் துணிக் கட்டையே ஒதுக்கி, மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்ப்பார்கள். ஜெர்மனியில் ஏதோ ஒரு குழந்தை போடப்போகிற பனியன், குத்திவிடக் கூடாதல்லவா? நியாயம்தான். இதில் கேலிக்கு இடமே இல்லை.

கேலி அடுத்த தெருவில், அரசுப் பள்ளியில் இருக்கிறது.

அங்கே ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளையைக் காணோம். லைன் வீட்டுப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் தினம் ஒன்றரை ஷிப்ட். வேலை எங்கே நகர்கிறதோ அங்கே பாத்திரம் பண்டத்தோடு அவர்களும் நகர்வார்கள். டீச்சர் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். பிறகு கல்வித் துறையின் எமிஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பெயர், எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளுக்கான 'காமன் பூல்' என்ற இடத்துக்குப் போகும். பொதுக் குளம்! நல்ல பெயர். சாயத் தண்ணீரை நொய்யலில் விட்டு, ஒரத்துப்பாளையம் அணையில் தேக்கி, கண்ணை மூடிக்கொண்ட ஊருக்குக் குளத்தில் தள்ளிவிடுவதைக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்?

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? தன் எல்லைக்குள் இருக்கும் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கெல்லாம் உள்ளாட்சி பதிவேடு வைக்க வேண்டும். பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஊசி ரிஜிஸ்டரைக் காட்டு என்று, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட்டர் விமானமேறி வருகிறார். பிள்ளை ரிஜிஸ்டரைக் காட்டு என்று பஸ் ஏறி வர ஓர் ஆள் உண்டா?

கம்பெனி கேட்டில் 'இங்கு குழந்தைத் தொழிலாளர் இல்லை' என்று போர்டு. பொய்யில்லை. 1990-களில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று கை மடித்த பொடியன்களை, வெளிநாட்டில் பேச்சு எழுந்ததும் கேட்டுக்கு வெளியே அனுப்பினோம். அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க போர்டில் இடமில்லை. இப்போது பிள்ளை உள்ளே வருவதில்லை. பிசிறு வெட்ட வேண்டிய மூட்டைதான் வீடு தேடிப் போகிறது. 2016-இல் திருத்திய சட்டமும் பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை கைகொடுக்கலாம் என்கிறது. என்ன கருணை! பள்ளியே இல்லாத பிள்ளைக்கு நாள் முழுக்க மிச்ச நேரம்தான்.

வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கென்று 1988 முதல் தனித் திட்டம் ஒன்று இருந்தது. 2021-இல் அதை சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் கரைத்தார்கள். தமிழ்நாடு பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்தது. இங்கே உள்ளவர்கள் அதைச் சொல்லி மேடையில் முழங்கினார்கள். முழங்கட்டும், நியாயமான கோபம். ஆனால் பாருங்கள், அதே 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்தது இந்த ஊர். நாலு லைன் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க, இந்த ஊருக்கு டெல்லியின் கையெழுத்தா வேண்டும்?

கதவைத் தட்டுவது டீச்சர்தான். சாயங்காலம், சொந்த ஸ்கூட்டியில், சொந்த பெட்ரோலில்.

"அந்தப் புள்ளைங்களா? காலி பண்ணிட்டாங்களே டீச்சர்."

"எங்கன்னு தெரியுங்களா?"

"தெரியலிங்க."

பக்கத்துக் கம்பெனியில் ஊசி முனை கிடைத்துவிட்டது. ஒட்டி, கையெழுத்தும் போட்டாயிற்று. கண்டெய்னர் இனித் தூத்துக்குடிக்குக் கிளம்பலாம்.